ஊழ்மேல் ஏற்றும் பழி

இலங்கை மலையகத்தில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் புதையும்போதெல்லாம் முதலில் வாயில் வருவது ‘விதி’ என்ற சொல்தான். துக்க வீட்டில் ஆறுதலாகச் சொன்னால் அதில் குற்றமில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களும் அதையே சொன்னால் அது சமயமாகாது, வெறும் சாட்டு. 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் குடியிருக்கத் தக்கதல்ல என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்பே தெரிந்த ஆபத்துக்கு ஊழ் என்று பெயர் வைக்கலாமா?

இதே கேள்வி நிலக்கரி தோண்டிய நாட்டிலும் எழுந்தது. தெற்கு வேல்ஸின் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் குழி எங்கேயோ அங்கேதான் வரிசை வீடுகள். நம் மலைகளில் தேயிலை எங்கேயோ அங்கேதான் லயம். இரண்டு இடத்திலும் பிழைப்பே குடியிருப்பைத் தீர்மானித்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே குவித்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் பிள்ளைகள். பொறுப்பானவர்கள் மழையையும் மலையூற்றையும் காட்டி ஒதுங்கப் பார்த்தார்கள். கழிவைக் கொட்டியதே ஊற்றின்மேல்தான். விசாரணை மன்றம் 1967இல் பழியைத் தேசிய நிலக்கரிச் சபையின்மேல் வைத்தது. தேவாலயத்தில் அழுத அதே மக்கள்தான் விசாரணையில் சாட்சியும் சொன்னார்கள். பக்தி அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

மழை யார் கையிலும் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் மழை எங்கே பெய்யும் என்பதல்ல, அதற்குக் கீழே யாரைக் குடிவைத்தோம் என்பதே வழக்கு. எச்சரித்தும் சனம் போகவில்லையே என்பது இன்னொரு வாதம். எங்கே போவது? லயமும் நிலமும் தோட்ட நிர்வாகத்தின் கையில். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்காவிட்டால் அன்றைய பேரும் இல்லை, கூலியும் இல்லை. மாற்றுக் காணி காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான். விதியைப் பறித்தால் ஏழைக்கு ஆறுதல் ஏது என்று கேட்பவருக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஊழை மறுக்கச் சொல்லவில்லை. அதன் இடத்தைத்தான் கேட்கிறோம். வள்ளுவர் ஊழ் அதிகாரத்தை அறத்துப்பாலின் கடைசியில் வைத்தார். ஆள்வினையுடைமையையோ பொருட்பாலில், அரசனுக்குரிய இயலில் வைத்தார். நடந்து முடிந்ததைத் தாங்க ஊழ். நடக்கப்போவதைத் தடுக்க முயற்சி. ஆளுகிறவன் முதலாவதன் பின்னால் ஒளிய அந்த நூலில் இடமில்லை. தோட்டத்து வழிபாட்டிலும் இதே தெளிவு உண்டு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிடுகிறவர் கத்தியைத் தீட்டாமல் மலைக்கு ஏறுவதில்லை. சாமி காப்பார் என்ற நம்பிக்கை, தன் பங்கைச் செய்தபிறகு வரும் நம்பிக்கை.

நுவரெலியா மாவட்டமும் மண்சரிவு அபாய மாவட்டங்களில் ஒன்று. ஹட்டன் பக்கத்து லயங்களிலும் ஒவ்வொரு மழைக்கும் பயம் உண்டு. பாதுகாப்பான காணியும் வீடும் கொடுத்தபிறகும் மலை சரிந்தால், அதை விதி என்று ஏற்போம். அதுவரை அந்தச் சொல்லைத் துக்க வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அறிக்கையில் எழுதாதீர்கள்.