பாத்திரத்துக்குப் பின்னால் ஒருத்தி

நாவலாசிரியர் தான் படைத்த பெண்ணை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அநாதையாக்கலாம், வாயை அடைக்கலாம், அவள் விரும்பாதவனின் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். படிக்கிற நமக்கு அது வலிக்கும். ஏன் இப்படி எழுதினாய் என்று சண்டைக்கும் போவோம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகிவிடாது. ஏனென்றால் அவள் இல்லை. புனைவின் பெரிய சுதந்திரம் இந்த ‘இல்லை’யில்தான் இருக்கிறது. ஓர் அநீதியை முழு அளவில் காட்டவும், அதற்குள் இறங்கிப் பார்க்கவும் அதுதான் இடம் கொடுக்கிறது.

அதே நாவலை, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுகிற இணைய விளையாட்டாக மாற்றினால் என்ன ஆகும்? ‘இல்லை’ என்று சொன்ன இடத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்குப் பெயர் இருக்கிறது, மறுநாள் காலையில் போக வேண்டிய வேலை இருக்கிறது. நாவலில் பாத்திரத்துக்கு நடந்ததை இவளுக்கும் நடத்தலாமா? மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோம் என்ற ஒரே காரணம் அதற்குப் போதுமா? தழுவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டிராகனின் சிறகு சரியாக வந்திருக்கிறதா, வரைபடத்தில் மலை இடம் மாறிவிட்டதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு விடை தேடியவர்கள் ஆடியவர்களே.

ஆன் மெக்காஃப்ரியின் ‘டிராகன்ஃப்ளைட்’ 1968இல் வந்தது. புனைவுக்காக ஹியூகோ விருது பெற்ற முதல் பெண் அவர். இந்த நாவலின் முதற்பகுதியான குறுநாவலுக்குத்தான் அந்த விருது கிடைத்தது. பெர்ன் என்ற கோளில் மனிதர்களும் டிராகன்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். (யாளி என்று எழுதலாமா என்று யோசித்தேன். நம் கோயில் தூண் யாளிகள் பறப்பதில்லை. டிராகன் என்றே இருக்கட்டும்.) முட்டையிலிருந்து வெளிவந்த கணமே டிராகன் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து மனத்தோடு மனம் பிணைந்துகொள்ளும். அந்தப் பிணைப்பு சாகும்வரை விடாது. நாவலின் நாயகி லெஸ்ஸா, தன் குடும்பத்தையே கொன்று கோட்டையைப் பிடித்தவனிடம் அழுக்கு வேலைக்காரியாக ஒளிந்திருந்து, பத்தாண்டுகள் பழிக்குக் காத்திருந்தவள். கோபக்காரி, சூழ்ச்சிக்காரி, யாருக்கும் அடங்காதவள். பொன்னிற ராணி டிராகன் ராமோத் அவளைத் தேர்ந்தெடுக்கிறது. விண்வெளிக் கதைகளில் பெண் என்றால் மீட்கப்பட வேண்டியவள் என்று பழகியிருந்த வாசகிகளுக்கு லெஸ்ஸா எவ்வளவு பெரிய விருந்தாக இருந்திருப்பாள் என்று எனக்குப் புரிகிறது. தன்னைத் தீர்ப்பிடாமல் நேசிக்கிற, ஒருபோதும் விட்டுப் போகாத ஓர் உயிர்; அதன் முதுகில் வானம். யாருக்குத்தான் வேண்டாம்?

ஆனால் ராணி டிராகன் இணைசேரப் பறக்கும்போது ஆண் டிராகன்கள் துரத்தும். எது பிடிக்கிறதோ அதன் காமம் அதன் வீரனுக்குள்ளும், ராணியின் காமம் அவளுடைய பெண்ணுக்குள்ளும் வெள்ளமாகப் பாயும். மேலே டிராகன்கள் இணையும்போது கீழே அந்த இருவரும் இணைவார்கள். லெஸ்ஸாவுக்கும் அப்படித்தான் நடக்கிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த நேரத்தில் அவள் அவளாக இல்லை. பிற்பாடு ஓரிடத்தில் ஃப்லார், டிராகன்களின் வேட்கை இல்லாத இரவுகளில் தங்களுக்குள் நடப்பதை வல்லுறவு என்றே சொல்லிவிடலாம் என்று தன் மனத்துக்குள் ஒப்புக்கொள்கிறான். மெக்காஃப்ரி அதை எழுதிவிட்டு அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறார். யாரும் குற்றவாளியாகாதபடி ஓர் ஏற்பாட்டை அவர் செய்து வைத்திருக்கிறார்: செய்தது டிராகன்.

நாவலுக்குள் இதை ஒரு சிந்தனைப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ள முடியும். சம்மதம் என்பது விருப்பமா, அறிவா, உடலா? மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை ‘நான்’ என்பது? வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதிக்கத் தகுந்த கேள்வி.

1990களின் தொடக்கத்திலேயே பெர்ன் இணையத்துக்கு வந்துவிட்டது. ‘பெர்ன்மஷ்’ போன்ற அந்த ஆட்டங்களில் படம் கிடையாது, முழுக்க எழுத்து. ஒரே ‘அறை’யில் இருக்கிற நாலைந்து பேர், ஊருக்கொருவராக உலகமெங்கும் இருந்து, தத்தம் பாத்திரத்தைப் படர்க்கையில் எழுதிக்கொண்டே போவார்கள். அவள் வாசலில் நிற்கிறாள் என்று ஒருத்தி எழுதுவாள். அவன் நிமிரவில்லை என்று இன்னொருவர் எழுதுவார். அடுத்த வரி என்ன என்று யாருக்கும் தெரியாது. மெக்காஃப்ரி இதற்குச் சும்மா அனுமதி தரவில்லை. தன் பாத்திரங்களை எடுத்தாளக் கூடாது, உலகத்தின் அடிப்படை விதிகளை மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. ஆகவே யாரும் லெஸ்ஸா ஆக முடியாது. ஆனால் லெஸ்ஸாவுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம்.

நேர்ந்தே ஆகவும் வேண்டும். ராணி பறக்காவிட்டால் முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டிராகன் இல்லை. ராணியின் பெண்ணாக ஆடுகிறவள்மீது மொத்த ஆட்டத்தின் எதிர்பார்ப்பும் உட்கார்ந்திருக்கும். குடும்பத்துக்காக, குலத்துக்காக என்று சொல்லி ஒரு பெண்ணின் உடலைப் பொதுச்சொத்தாக்குகிற அதே ஏற்பாடு, விளையாட்டு விதியின் உருவில் வந்து நிற்கிறது.

இங்கேதான் நாவலின் சாக்கு கழன்று விழுகிறது. ‘செய்தது டிராகன்’ என்று நாவலில் சொல்லலாம். ஆட்டத்தில் டிராகனையும் ஒருவர்தான் தட்டச்சு செய்கிறார். வானத்தில் துரத்துகிற டிராகனின் வரிகளும், கீழே கதவைச் சாத்துகிற வீரனின் வரிகளும் ஒரே விரல்களிலிருந்து வருகின்றன. இந்தப் பக்கம் ராணியின் வெறியையும் தன் பாத்திரத்தின் திகைப்பையும் எழுதுகிறவளும் ஒருத்திதான். அவள் தன்னிலை இழக்கவில்லை. நிதானமாக, எழுத்துப்பிழை பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். தன்னை மறந்த ஒருத்தியை, தன்னை மறக்காத ஒருத்தி எழுத வேண்டியிருக்கிறது. மெக்காஃப்ரி கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது யாராவது கேட்டே தீர வேண்டும்: உனக்குச் சரியா?

கேட்டார்கள். இத்தகைய ஆட்டங்களில் பாத்திரமாகப் பேசுவதும் ஆளாகப் பேசுவதும் வேறுவேறு என்று அடையாளமிட்டுப் பிரித்தார்கள். காட்சியை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். கதவு சாத்தியதும் திரையை இருட்டாக்கிவிட்டு மறுநாள் காலைக்குப் போய்விடுவதற்கு ‘ஃபேட் டு பிளாக்’ என்று சினிமாவிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டார்கள். பல இடங்களில், எந்த டிராகன் பிடிக்கும் என்பதையே ராணிப் பெண்ணாக ஆடுகிறவள் தீர்மானித்தாள். பாத்திரத்துக்கு இல்லாத தேர்வு, பாத்திரத்தை ஆடுகிறவளுக்கு வந்தது. ஒப்புதல் பற்றிச் சட்டமும் பல்கலைக்கழகங்களும் முட்டி மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில், டிராகன் ஆட்டம் ஆடியவர்கள் நடைமுறையில் ஒரு விடையைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த விடை இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. ‘லாம்ப்டாமூ’ நாவலிலிருந்து வந்ததல்ல. ஆனால் அதே வகையான எழுத்துலகம். 1993இல் அங்கே ஒருவன், பிறர் பாத்திரங்கள் தாமே செய்வதுபோல வரிகளை உருவாக்கும் சிறு நிரல் ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பாத்திரங்கள்மீது பாலியல் வன்முறையை எழுதிக் காட்டினான். ஜூலியன் டிப்பெல் அதைப் பற்றி ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பாதிக்கப்பட்ட ஒருத்தி அவனைக் கண்டித்துத் தட்டச்சு செய்தபோது அழுதுகொண்டிருந்தாள் என்று அதில் வருகிறது. எந்த உடலும் தொடப்படவில்லை. அவள் வாக்கியம் பிடுங்கப்பட்டது. அவள் பெயரை எழுவாயாக வைத்து வேறொருவன் பயனிலை எழுதினான். மொழியில் வேலை செய்கிற யாருக்கும் இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

“அது வெறும் கேம்தானேம்மா” என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறவள். “நான் மைக் ஆன் பண்ணவே மாட்டேன்மா. குரல் கேட்டா பொண்ணுன்னு தெரிஞ்சிடும்” என்றாள். அவள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் உருவம் ஓர் ஆண். முதலாமவள் பிறகு ஒன்றும் பேசவில்லை.

வேடத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கிற இந்தக் கோடு கூத்துக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். தெருக்கூத்தில் துகிலுரியும் காட்சி வரும்போது, துச்சாதன வேடம் கட்டியவர் பாஞ்சாலியின் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. எதிரே பாஞ்சாலியாக நிற்பவரும் வழக்கமாக ஓர் ஆண்தான். ஆனாலும் கேட்கிறார். அதன் பிறகு துச்சாதனன் துச்சாதனனாகவே ஆடுகிறான். கொடுமை ஒரு துளியும் குறைவதில்லை.

இதற்கு நேரெதிரான வழியும் இருக்கிறது: அநீதியையே எடுத்துவிடுவது. 2007இல் டர்பைன் நிறுவனம் வெளியிட்ட ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்’ அதைத்தான் செய்தது. டோல்கீனின் உலகில் ஆயுதம் ஏந்துகிற பெண் ஒரு விதிவிலக்கு. எயோவின் போருக்குப் போக அனுமதி கேட்டு மறுக்கப்படுகிறாள். ஆண் வேடத்தில், ஆண் பெயரில் போகிறாள். எந்த ஆணாலும் வீழ்த்த முடியாதவன் என்று பேர்பெற்ற பேய்ச்சேனைத் தலைவனை வீழ்த்துகிறாள். அந்த வெட்டின் கனம் அதற்கு முன்னால் வந்த மறுப்பிலிருந்து வருகிறது. விளையாட்டிலோ மனிதகுலப் பெண்ணாக நுழைகிறவள் முதல் நாளே வாளைத் தூக்கிக்கொள்ளலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நியாயம்தான், மாதச் சந்தா கட்டிவிட்டு வருகிறவளிடம் அடுப்படியில் இரு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்டம் வளர்ந்து பெலென்னோர் போர்க்களம்வரை வரும்போது, களமெங்கும் ஆயுதம் ஏந்திய பெண்கள் சுற்றிக்கொண்டிருக்க, எயோவின் ஏன் ஒளிந்து வர வேண்டும்? அவளுடைய மீறல் அங்கே வெறும் உடைமாற்றமாகச் சுருங்கிவிடுகிறது. சமத்துவத்தை இனாமாகக் கொடுத்ததில், அது எதற்காகத் தேவைப்பட்டது என்பது அழிந்துபோயிற்று.

ஒரு வேடிக்கையும் உண்டு. அதே ஆட்டம் வெளியானபோது குள்ளர் இனத்தில் பெண்ணாக ஆடும் வாய்ப்பை வைக்கவில்லை. குள்ளப் பெண்கள் மிகக் குறைவு, வெளியாட்களால் ஆண்களிலிருந்து பிரித்தறிய முடியாது என்று டோல்கீன் பின்னிணைப்பில் எழுதியிருப்பதுதான் ஆதாரம். எயோவினின் உலகத்தை மாற்றத் தயங்காதவர்கள் இந்த இடத்தில் மூலத்துக்கு விசுவாசமானார்கள். விசுவாசம் எப்போது நினைவுக்கு வருகிறது என்று கவனிப்பது நல்லது.

எனக்குத் துச்சாதனன் வழிதான் சரியென்று படுகிறது. அநீதி அந்த உலகத்தில் இருக்கட்டும். அது தன்மேல் எப்போது, எவ்வளவு விழலாம் என்பதை அங்கே உட்கார்ந்திருக்கிறவள் முடிவு செய்யட்டும். எழுதியவுடனே இதற்கு ஓர் எதிர்ச்சான்றும் நினைவுக்கு வருகிறது. ஜான் நார்மன் என்ற பெயரில் ஒரு தத்துவப் பேராசிரியர் 1966 முதல் எழுதிவந்த ‘கோர்’ நாவல்களில் பெண்ணின் இயல்பே அடிமைத்தனம் என்று பக்கம் பக்கமாக வாதம் இருக்கிறது. ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகில் கோர் நகரங்களை எழுப்பி ஆடுகிறார்கள். அடிமைப் பாத்திரத்தை விரும்பி எடுக்கும் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை, வேண்டாமென்றால் கணினியை அணைத்துவிட்டுப் போகலாம். என் அளவுகோலின்படி குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் என்னால் அதைப் பெர்னோடு சேர்த்து வைக்க முடியவில்லை.

அவளுக்கு அதை ஆட உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெண்களின் விருப்பத்தைத் திருத்துகிற வேலையைச் செய்ய இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். என் சங்கடம் வேறு. பெர்னில் ஒருத்தி சம்மதிக்கும்போது அந்தச் சம்மதமே நாவலைத் திருத்துகிறது. மெக்காஃப்ரி விட்ட வெற்றிடத்தில் ஒரு புதிய விதி எழுதப்படுகிறது. கோரில் அவள் தரும் சம்மதத்தை நாவல் தன் வாதத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது: பார், தானாகவே வந்தாள். ஒரே சொல், இரண்டு உலகங்களில் எதிரெதிர் வேலை செய்கிறது. ஒப்புதல் கேட்கப்பட்டதா என்பதோடு, தரப்பட்ட ஒப்புதலை அந்த உலகம் என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு ஆட்ட விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதாது. விதிகளை எழுதும் இடத்திலும் அவள் இருக்க வேண்டும்.

பெர்னின் ஆட்டப் பதிவுகளில் நான் விரும்பிப் படிப்பது பறத்தலை அல்ல, மறுநாள் காலையை. நாவலில் அந்த இரவுகளைப் பற்றிய எண்ணம் ஃப்லாரின் தலைக்குள் ஓரிரு வரியாக வந்து போகிறது. ஆட்டத்தில் திரை இருண்டு வெளுத்ததும் ராணியின் பெண் எழுந்திருப்பதை அவளை ஆடுகிறவள் எழுதுகிறாள். தலைவாரிக்கொள்வதா, டிராகனிடம் போய்ப் பேசுவதா, பக்கத்தில் தூங்குகிறவனை எழுப்பி வெளியே அனுப்புவதா என்று அவள் தீர்மானிக்கும்வரை மற்றவர்கள் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறார்கள்.