நேர்ந்துகொள்ளாத வேதனை

மலேசியாவின் மலாக்கா மாநிலத்து மெர்லிமாவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்து, பட்டையைச் சீவும்போது உள்ளேயிருக்கும் உயிர்ப்படலத்தைக் கத்தி தீண்டிவிடாதபடி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்தை மிச்சம் வைத்து வெட்டத் தெரிந்த பெண்மணிகள் முதுமையோடு இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அந்த ஒரு மில்லிமீட்டரை அவர்களுடைய கண் அளந்ததில்லை, கைதான் அளந்தது. அத்தகைய கைகளையுடைய ஒருத்திக்கு மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் கண்டு, கீமோ சிகிச்சையும் முடிந்து, கட்டி கரைந்துவிட்டதென்று வைத்தியர் நல்வாக்குச் சொன்ன பிறகும், ரவிக்கையின் ஊக்கை மாட்ட முடியவில்லை, பூக்கட்டும் நார் விரலிடுக்கில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியவில்லை, இரவில் போர்வை உராய்ந்தாலே பாதம் பற்றியெரிகிறது என்று அவள் சொல்வாளாயின், பார்க்க வரும் உறவினர் வாயிலிருந்து பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வரும்: “எந்த ஜென்மத்துப் பாவமோ தாயி, அனுபவிச்சுத்தானே தீரணும்!”

அன்பினால் சொல்லப்படும் வார்த்தைதான் அது. சொல்பவர் கண்ணிலும் நீர் ததும்பும். ஆயினும், நமது சமயத்தின் பெயரால் சொல்லப்படும் அந்தத் தீர்ப்பை நமது சமயமே ஏற்றுக்கொள்கிறதா என்பதை நாம் ஆராயக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் அதைக் கேட்ட நோயாளி அன்றோடு வாய் மூடிக்கொள்கிறாள், அந்த மௌனம் அவளுக்குத் தீங்கு செய்கிறது.

முதலில் இந்த உபாதை எப்படி நேர்கிறதென்று பார்ப்போம். நமது தேகத்திலுள்ள நரம்புகளில் மிக நீண்டவை, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் செல்பவை. அவற்றின் ஜீவாதாரமான பொருள்கள் யாவும் முதுகுத்தண்டை அடுத்துள்ள உயிரணுவில் உற்பத்தியாகி, நரம்பிழைக்குள் தண்டவாளம் போல் ஓடும் நுண்குழாய்களின் வழியே நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். பாக்லிடாக்ஸெல், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் புற்றணு பிளந்து பெருகுவதைத் தடுப்பதற்காக அந்த நுண்குழாய்களையே சென்று பற்றுகின்றன. ஆக்ஸாலிப்ளாடின், சிஸ்பிளாடின் ஆகியவை நரம்பின் மூல அணுவையே தாக்குகின்றன. ஆகையால் தூரத்தே இருப்பது முதலில் வாடுகிறது: கால்விரலில் தொடங்கிய மதமதப்பு காலுறை அணிந்தாற்போல மேலேறி, பின்பு கையுறை அணிந்தாற்போல விரல்களையும் கவ்விக்கொள்கிறது. ஆக்ஸாலிப்ளாடின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலும் குடித்தாலும் முள் குத்துவதுபோல் இருக்கும். சிகிச்சை நின்ற பிறகும் சில மாதங்கள் இந்த உபாதை வளர்ந்துகொண்டே போவதுண்டு என்பதை முன்கூட்டியே அறியாதவர்கள், நோய்தான் திரும்பிவிட்டதோ என்று நடுங்கிப்போகிறார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளிவந்த கணக்கின்படி, சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு 30 பேருக்கும் இந்த நரம்புக் கோளாறு இருக்கிறது. இத்தனை பேருடைய பூர்வஜென்மங்களும் ஒரே விதமாகப் பாதத்திலும் விரல் நுனியிலும் வந்து பலிக்கின்றனவென்று யார் துணிந்து சொல்லக் கூடும்?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். வின்கிரிஸ்டின் எடுக்கப்படுவது நித்தியகல்யாணியிலிருந்து. நம்முடைய கோயில் முற்றங்களிலும் வீட்டு வாசல்களிலும் தண்ணீர் ஊற்றுவாரின்றியே பூத்துக் கிடக்கிறதே, அந்தச் செடிதான். 1963-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அந்த மருந்து, இரத்தப் புற்றுநோய் கண்ட எத்தனையோ குழந்தைகளை மரணத்தின் வாயிலிருந்து மீட்டிருக்கிறது. அதுவே அக்குழந்தைகளின் விரல்களிலுள்ள உணர்ச்சியையும் கவர்ந்துகொள்கிறது. ரக்ஷிப்பதும் பீடிப்பதும் ஒரே பொருளாக இருக்கும்போது, பீடையை மட்டும் பாவத்தின் கணக்கில் எழுதிவிட்டு ரக்ஷணையை மறந்துவிடுவது நியாயமாகாது.

கர்மக் கொள்கையை நான் மறுக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தைப் பிரமாணமாகக் கொள்ளும் எந்தச் சைவனும் வினையை மறுக்க முடியாது. ஆனால் வினை என்பது ஒவ்வோர் ஆன்மாவும் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்காகத் தரப்பட்ட விளக்கே தவிர, பிறருடைய படுக்கையின் மீது பிடித்துக் குற்றம் தேடுவதற்காகத் தரப்பட்டதன்று. மேலும் அந்தச் சாஸ்திரமே நமக்கு வேறொன்றையும் போதிக்கிறது. ஆன்மா அறிவுடையதுதான், ஆனாலும் கருவி கரணங்களின் துணையின்றி இந்நிலையில் அது ஒன்றையும் அறிய மாட்டாது. மரத்துப்போன பாதத்தைக் காட்டிலும் இதற்குத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுமா? தரை இருக்கிறது, பாதம் இருக்கிறது, அறியும் உயிரும் இருக்கிறது; இடையிலே கருவி பழுதுபட்டமையால் அறிவு நிகழவில்லை. அதே பழுதினால், நெருப்பில்லாத இடத்தில் எரிச்சலும், முள்ளில்லாத இடத்தில் குத்தலும் நிகழ்கின்றன. வெளியில் நெருப்பில்லை என்பதால் வேதனை பொய்யென்று சொல்லலாமா? அனுபவிக்கின்ற உயிர் மெய், ஆகவே வேதனையும் மெய். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையே என்று சலித்துக்கொள்ளும் வீட்டார் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வேதாந்தம் சற்றே படித்தவர்கள் வேறொரு வழியில் வருவார்கள்: ‘நீ இந்தச் சரீரமல்ல, ஏன் வருந்துகிறாய்?’ என்பார்கள். அந்த உண்மையைத் தம் வாழ்வாகவே கொண்டிருந்த ஸ்ரீ ரமண மகரிஷிக்கு 1949-இல் இடது கையில் சார்கோமா என்னும் புற்றுநோய் கண்டது. நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் தரப்பட்டது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் மகாசமாதியடைந்தார். சரீரம் தாமல்லவென்று அறிந்திருந்த அவரே, அந்தச் சரீரத்தை வைத்தியர் கையில் ஒப்படைத்தார். ஞானி தமக்குள் கண்ட சத்தியத்தை, எரியும் பாதத்தோடு உறக்கமின்றிக் கிடப்பவளிடம் கட்டளையாகச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யாரும் தரவில்லை.

இவ்விஷயத்தில் என் உள்ளத்துக்கு மிகவும் நெருங்கியவர் அப்பர் பெருமான். தருமசேனராய்ச் சமண மடத்தில் தலைமை பூண்டிருந்த காலத்தில் சூலை நோய் அவரது குடரைப் பற்றியதும், அங்கிருந்தோர் செய்த பரிகாரங்களால் தீராமற்போகவே, இரவோடிரவாகத் தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்கு வந்து, அவர் தந்த திருநீற்றை அணிந்து, வீரட்டானத்து இறைவன் திருமுன்னர் நின்று பாடியதும் நாம் சிறுவயது முதல் கேட்டறிந்த வரலாறு. அவ்வாறு பாடியபோது அவர் பொறுமையைப் பறைசாற்றவில்லை. வலிக்கிறதென்று முறையிட்டார், தீர்க்கவேண்டுமென்று கேட்டார். அந்த முறையீடே தேவாரமாயிற்று. அந்த முறையீட்டிலிருந்தே நாவுக்கரசர் பிறந்தார். வலியை வாய்விட்டுச் சொல்வது பக்திக்குக் குறைவென்று எண்ணுகிறவர்கள், நமது மகத்தான பக்தர்களில் ஒருவருடைய முதற்பாட்டு எங்கிருந்து எழுந்ததென்று எண்ணிப் பார்க்கட்டும்.

அவருடைய முதுமைக் காலத்து வரலாறு இன்னும் ஆழமானது. கயிலையைக் காணவேண்டுமென்று வடதிசை நோக்கிப் புறப்பட்டவர், நடந்து நடந்து பாதம் தேய்ந்து, பின் கைகளால் தவழ்ந்து கையும் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் இயலாமற் புரண்டு கிடந்தார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் உருகி உருகிச் சொல்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிச் செல்லச் சொன்னபோது அவர் இணங்கவில்லை. அழியும் உடலோடு காணாமல் திரும்பேன் என்ற உறுதியில் நின்றார். அந்த உறுதியை நாம் போற்றுகிறோம். ஆனால் இறைவன் செய்தது என்ன? தேய்ந்த அவயவங்களைக் காணிக்கையாக ஏற்றுக்கொண்டானா? இல்லை. முதலில் அந்த அவயவங்களை நலமுறச் செய்தான், எழுந்திருக்கச் சொன்னான், பொய்கையில் மூழ்கச் செய்து, தமிழ்நாட்டுத் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியைத் தந்தான். பக்தனுடைய பாதம் தேய்வதில் இறைவனுக்கு ஆனந்தமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நாமோ வேதனையைக் காணிக்கையாகச் செலுத்தப் பழகிய சமூகம். மலாக்காவில் மாசிமகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதிக்குக் காவடி சுமந்து செல்பவர்களும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில் உறுமி முழங்கப் பூக்குழி இறங்குபவர்களும் அடையும் உன்னதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உழைப்புக்கு ஈடாகாத கூலிக்கு உழைத்து, கங்காணியின் குரலுக்கு அஞ்சிப் பெரட்டு என்னும் ஆள்கணக்கு வரிசையில் நின்ற நம் முன்னோர், தம் தேகத்துக்குத் தாமே அதிபதி என்று உணர்ந்த தினங்கள் அவை. ஆனால் அந்த வேதனை நேர்ந்துகொண்டது. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சுற்றிலும் ஊரார் குரல் கொடுத்துத் தாங்குகிறார்கள். கீமோவுக்குப் பின் வரும் இந்த எரிச்சலை யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. விரதம் முடிந்து பால் அருந்தும் வேளை அதற்கு இல்லை. நடு இரவில் அதற்காக உறுமி அடிப்பார் எவருமில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணி, ‘இதையும் அம்மனுக்கென்று பொறுத்துக்கொள்’ என்பது தவறு என்றே நான் கருதுகிறேன்.

தவறு மட்டுமல்ல, அபாயமும் கூட. நோய் தீர்ந்தால் தீமிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள், தீர்ந்தபின் அந்த உணர்விழந்த பாதங்களோடு பூக்குழியில் இறங்கினால் எங்கே நிற்கிறோம், எவ்வளவு சுடுகிறது என்று அறியமாட்டாள். தீக்குழி வரை போவானேன்? உச்சி வெயிலில் பிராகாரத்தைச் சுற்றினாலும், கற்பூர ஆரத்தியின் மேல் விரலை நீட்டினாலும் வெந்துபோவது தெரியாமலே வெந்துபோகும். அதிலும் நம்மவர்க்கு இனிப்பு நீர் வியாதி இந்நாட்டின் மற்ற இரு பெரிய இனத்தவரைவிட அதிகம். அந்த வியாதி ஏற்கெனவே நரம்பைக் கெடுத்திருந்தால் கீமோவின் பாதிப்பு மிகுதியாவதும், பாதத்தில் பட்ட புண் ஆறாமற் போவதும் எளிது. அத்தகையவள் தன் நேர்த்தியை எப்படிச் செலுத்துவது? திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் செங்கல்லும் பொருளுமின்றி மனத்திலேயே கட்டிய ஆலயத்துக்குள் இறைவன் எழுந்தருளினான். பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கை அதன்பொருட்டு வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் செய்தான். மனத்தில் கட்டிய கோயில் செல்லுமென்றால், மனத்தில் மிதித்த தீயும் செல்லும். ருத்திராக்ஷத்தை உருட்ட விரல் உதவவில்லையென்றால் நாவினால் ஜபிக்கலாம்.

நோயாளியிடம் ஒரு வார்த்தை. அம்மா, மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்களோ, சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, மதமதப்பை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மருந்தின் அளவைத் தக்க சமயத்தில் குறைப்பதும் தள்ளிப்போடுவதும் மாற்றுவதும்தான் இந்தச் சேதம் பெருகாமல் தடுக்க வைத்தியர் கையிலிருக்கும் முக்கிய வழி; எதைச் செய்வதென்று அவர் எடைபோட்டுத் தீர்மானிக்க உங்கள் சொல் வேண்டும். எரிச்சலுக்கு டூலக்ஸிடின் என்ற மாத்திரை ஓரளவு உதவுமென்று 2013-இல் வெளியான பரிசோதனை காட்டியது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020-இலும் அது ஒன்றையே சிபாரிசு செய்தது. போன உணர்ச்சியை அது மீட்டுத் தராது. மருந்துக்கடையில் நரம்புக்கு நல்லதென்று விற்பதையெல்லாம் வாங்கி விழுங்காதீர்கள். அவ்வாறு நம்பப்பட்ட அசிடைல் கார்னிடின், மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் உபாதையை அதிகப்படுத்தியதென்று 2013-இலேயே வெளியான மற்றொரு பரிசோதனை கண்டது. அன்றாடம் பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்; வீட்டுக்குள்ளும் சிலிப்பர் அணியுங்கள்; சுடுநீரை முழங்கையால் சோதித்த பின் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மெர்லிமாவ் வட்டாரத்து ஆலய நிர்வாகிகளுக்கும் குருக்கள்மாருக்கும் என் விண்ணப்பம் இது. பிராகாரத்தில் நிழற்பந்தலும் கயிற்றுப் பாயும் இடுங்கள். உணர்விழந்த பாதத்தோடு வருபவர்கள் கோயிலுக்கென்றே துவைத்து வைத்த துணிக்காலுறையோடு உள்ளே வர அனுமதியுங்கள். சந்நிதிக்கருகே உட்கார ஒரு பெஞ்சைப் போடுங்கள். ஆரத்தித் தட்டை நீட்டும்போது, அருகில் நிற்பவர் ஒருவர் தம் கையால் ஒற்றி அவர்கள் கண்ணில் வைக்கட்டும். பூக்குழிக்குப் பெயர் பதியும்போதே கீமோ எடுத்தவரா என்று கேட்டு, அவருக்கு வேறொரு நேர்த்தியைக் குருக்களே விதித்துக் கொடுக்கட்டும். அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறுமுன் நிர்வாகக் கூட்டத்தில் இதை வைத்துத் தீர்மானம் செய்யுமாறு உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.