கத்தியின் கூர்மையும் பிராணியின் வேதனையும்



கண்ணியமிக்க சகோதரர்களே! நம் ஜமாஅத்தில் கறிக்கடை வைத்திருப்போர் உண்டு. சாப்பாட்டுக் கடை நடத்துவோர் உண்டு. பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் ஆடு வாங்கி விற்ற பெரியவர்களின் பிள்ளைகளும் உண்டு. ஈப்போவில் கடை திறந்து உட்கார்ந்திருக்கும் நம்மிடம் பிற மதத்து வாடிக்கைக்காரர் என்றாவது ஒரு நாள் கேட்டுவிடுகிறார்: "மயக்கம் கொடுக்காமல் அறுக்கிறீர்களே, அதற்கு வலிக்காதா?" நம்மவர் உடனே சொல்லும் பதில், "வலிக்கவில்லையென்று ஜெர்மனிக்காரனே மெஷின் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டானே!" என்பதாகும். இப்பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

மனிதனுக்கு வலித்தால் வாய்விட்டுச் சொல்வான். ஆட்டுக்கு வாய் ஏது? அது காலை உதைத்துக்கொள்வதை வைத்தும் சொல்வதற்கில்லை; நினைவு போன பிறகும் கால் உதைக்கும். ஆகையால் விஞ்ஞானிகள் மூளையையே கேட்கத் தொடங்கினார்கள். மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை 1875-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன் என்ற வைத்தியர் பிராணிகளிடம் கண்டார். 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனிதனின் தலையிலிருந்தே அந்த அலைகளைப் பதிவு செய்தார். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்கே இருக்கும், அவ்வளவு நுண்ணிய மின்சாரம் அது. உறக்கத்தில் ஒரு விதமாகவும், விழிப்பில் வேறு விதமாகவும், வேதனையில் மற்றொரு விதமாகவும் அது மாறுகிறது. அலையே வலி அல்ல. வலியைத் தரக்கூடியது ஒன்று நேரும்போது அலை மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் கருவி எழுதுகிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர் சொல்லும் ஜெர்மன் ஆராய்ச்சி 1978-ல் வெளிவந்தது. ஹனோவர் நகரத்தின் மிருக வைத்தியக் கல்லூரியில் பேராசிரியர் வில்ஹெல்ம் ஷூல்ட்ஸேயும் அவருடைய கூட்டாளிகளும் செம்மறியாடுகளுக்கும் கன்றுகளுக்கும் மூளை அலைக் கருவியைப் பொருத்தினார்கள். சிலவற்றைக் கத்தியால் அறுத்தார்கள். சிலவற்றை நெற்றியில் இரும்பு முளையை அடிக்கும் துப்பாக்கியால் மயக்கினார்கள். அறுத்தவற்றில், செம்மறிகளுக்கு 13 விநாடிக்குள்ளும் கன்றுகளுக்கு 23 விநாடிக்குள்ளும் அலை அடங்கி நேர்கோடாயிற்று. அறுப்பின்போது வேதனைக்குரிய குறி அவர்கள் கண்ணில் படவில்லை. நம் பத்திரிகைகளும் பிரசங்கிகளும் இதை எடுத்துக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கிக் கருவி சரியாக வேலை செய்ததா என்பதை மேலும் ஆராய வேண்டுமென்று அவர்களே எழுதியிருந்ததை நாம் எடுத்துச் சொல்வதில்லை.

பின்னர் 2009-ல் நியூஸிலாந்தின் மாஸி சர்வகலாசாலையில் கிரெய்க் ஜான்சன் முதலியோர் இன்னும் நுட்பமான முறையில் சோதித்தார்கள். கன்றுகளுக்கு இலேசான மயக்கம் கொடுத்தார்கள். அவற்றுக்கு வலி தெரியாது, ஆனால் மூளை அலை மட்டும் பதில் சொல்லும். அந்நிலையில் கழுத்தை அறுத்தபோது, வேதனைக்குரிய மாற்றம் அலையில் தெளிவாகத் தென்பட்டது. விழித்திருக்கும் கன்றுக்கு இது வலிக்கும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்குகிறது. இது மார்க்கத்தின் மீது தொடுத்த தாக்குதல் என்று சொல்வோரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அறுக்கும்போது பிராணிக்கு வலிக்காது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எங்கே சொன்னார்கள்? எல்லாக் காரியத்திலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுத்தால் நன்றாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்னும் கருத்தில் அவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். வேதனையே இல்லாத இடத்தில் இலகுவாக்கு என்ற கட்டளைக்கு என்ன வேலை? ஆட்டைக் கிடத்தி, அது பார்த்துக்கொண்டிருக்கையில் கத்தி தீட்டிய ஒருவரை, அதை இரண்டு முறை கொல்ல விரும்புகிறீரா என்று அவர்கள் கடிந்துகொண்டதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. ஆட்டின் அச்சத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்! அலைக்கருவி இல்லாத காலத்தில்!

இப்பொழுது நம் நாட்டுக்கே வருவோம். சிலாங்கூரின் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 பிராமன் கலப்பினக் காளைகளை இரு கூட்டமாக்கி, ஒன்றைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கூர்மையுள்ள கத்தியாலும், மற்றதை மிகக் கூர்மையாகத் தீட்டிய கத்தியாலும் அறுத்து, இரத்தத்தையும் மூளை அலையையும் பரிசோதித்தார்கள். சாதாரணக் கத்தியில் இரத்தச் சர்க்கரை முதலிய வேதனைக் குறிகள் ஏறின. மூளை அலையும் மாறிற்று. மிகக் கூரிய கத்தியால் பிராணிக்கு நேரும் துன்பம் குறைவு என்றே அவர்கள் முடிவு சொன்னார்கள். இரண்டும் கத்திதான், இரண்டும் ஹலால்தான். பிராணிக்குத்தான் இரண்டும் ஒன்றல்ல.

இது பேராக்கில் வளர்ந்தவர்களுக்குப் புதிய விஷயமா? பால்மரம் சீவியவரிடம் கேட்டுப் பாருங்கள். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழித்து மரத்தைப் புண்ணாக்கும் என்று, விடியுமுன் தீட்டிக்கொண்டே இறங்குவார்கள். மரத்துக்கு அந்தக் கவனம் இருந்தது. குர்பானி நாளில் முதல் ஆட்டுக்கு எடுத்த கத்தியையே பத்தாவது ஆட்டுக்கும் போடுகிறோமே, நம் கவனம் எங்கே?

ஆகவே கறிக்கடைக்காரர்களுக்கும் குர்பானிக்குப் பொறுப்பேற்கும் வாலிபர்களுக்கும் சில வார்த்தைகள். கத்தியின் நீளம் கழுத்தின் அகலத்தைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும். குட்டைக் கத்தியின் முனை புண்ணுக்குள் குத்தும். ஒரு கையில் காகிதத்தைத் தொங்கவிட்டுக் கத்தியை இழுத்தால், காகிதம் கிழியாமல் வெட்டுப்பட வேண்டும். ஒவ்வொரு பிராணிக்குப் பிறகும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தீட்டும் இடம் பிராணிகளின் கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும். ஒன்றை அறுப்பதை மற்றொன்று பார்க்க வேண்டாம். இழுத்துக்கொண்டு வராதீர்கள், நடத்தி வாருங்கள். வாடிக்கைக்காரர் அடுத்த முறை கேட்டால், ஜெர்மனிக்காரனைத் துணைக்கு அழைக்காமல், கத்தியை எடுத்துக் காட்டுங்கள்.