இரும்பிற் பொறித்த பெயர்

ஒரு பொருளிற் பொறிக்கப்படும் பெயர் யாருடையதாக இருத்தல் வேண்டும்? அதைச் செய்தவனுடையதா, செய்வித்தவனுடையதா, அன்றி அதைக்கொண்டு வாழ்நாள் முழுவதும் உழைத்தவனுடையதா? 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சுக் கருவிகளில் இம்மூவரையும் தேடிப் பார்க்கலாம்.

பேஜோ என்றதும் மோட்டார் வண்டியே நம் நினைவுக்கு வரும். ஆயின் அவ்வண்டியின் நெற்றியில் நிற்கும் சிங்கம் மரமரியும் வாள்களுக்காகப் பிறந்தது. 1810இல் தம் மாவாலையை உருக்காலையாக்கிய அக்குடும்பத்தார் 1858இல் சிங்கக் குறியைப் பதிவு செய்தனர். அதன் பற்களைப்போல் வாளின் பற்கள் உறுதியானவை, முதுகெலும்பைப்போல் அலகு வளையவல்லது, பாய்ச்சலைப்போல் வெட்டு விரைவானது என்பது கருத்து. முதல்தரச் சரக்குக்குச் சிங்கம், இரண்டாந்தரத்துக்குப் பிறை, மூன்றாந்தரத்துக்குக் கை. எழுத்தறியாத தச்சனும் பார்த்த மாத்திரத்தில் தரமறிந்து தன் காசுக்கேற்றதை வாங்கலாம். நேர்மையான ஏற்பாடுதான். எனினும் கடைத்தரத்துக்குக் கையையே குறியாக்கியது மனத்தை உறுத்தாமலில்லை.

அரசும் தன் பங்குக்குப் பேசியது. 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆக்கவுரிமை பெற்றதாகக் கருவியிற் குறிப்பவர் ‘அரசின் உத்தரவாதமின்றி’ என்பதையும் சேர்த்தல் வேண்டும். எஸ். ஜி. டி. ஜி. என்ற நான்கெழுத்துக்கள் அதன் சுருக்கம். 1968 வரை அவ்வழக்கம் நிலவிற்று. பரிசோதனையின்றி உரிமை வழங்கிய அரசு தன் பொறுப்பின் எல்லையை இரும்பிலேயே எழுதுவித்தது. உலைக்களத்தில் வெந்தவனின் பெயர் எங்கே?

அது வேறிடத்தில் எழுதப்பட்டது. நெப்போலியன் முதற் கொன்சலாக இருந்தபோது, 1803 ஏப்ரலில் நிறைவேறிய ஆலைச் சட்டம் படிப்போரை வியக்க வைக்கும். உற்பத்தியாளரின் குறியைக் கள்ளமாகப் பொறிப்பவனுக்குப் பொய்ப்பத்திரம் புனைந்தவனுக்குரிய தண்டனையை விதித்தது அச்சட்டம். முந்திய முதலாளியின் சான்று பதிந்த கைப்புத்தகம் இல்லாத தொழிலாளியை எவரும் வேலைக்கமர்த்தலாகாது என்றதும் அதே சட்டமே. அவ்வாண்டின் இறுதியில் வந்த ஆணை, புத்தகமின்றி ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளியை நாடோடியெனக் கருதித் தண்டிக்க வழிசெய்தது. 1890இலேதான் கைப்புத்தக முறை ஒழிக்கப்பட்டது. முதலாளியின் பெயரைக் காப்பதற்கும் தொழிலாளியின் பெயரைக் கண்காணிப்பதற்கும் ஒரே ஏடு போதுமாயிற்று!

ஒரு வாளை உருக்கியவன், தகடாக்கியவன், பல் வெட்டியவன், தீட்டியவன் எனப் பலர் சேர்ந்து ஆக்குகையில் எல்லார் பெயரையும் எங்ஙனம் பொறிப்பது என்று கேட்கலாம். பழுதுக்குப் பொறுப்பேற்பவனின் பெயர் போதாதா என்றும் கேட்கலாம். இவ்வாதத்தில் உண்மையுண்டு, வாங்குபவனுக்குப் பொறுப்பாளி ஒருவன் தேவை. ஆனாற் பழுதுக்குப் பொறுப்பேற்றல் வேறு, பலரின் திறமைக்குத் தனியுரிமை கொண்டாடுதல் வேறு. முத்திரை முன்னதைச் சொல்லிக்கொண்டே பின்னதையும் நிறைவேற்றிக்கொள்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பாராதவரை நம் வினாவுக்கு விடையில்லை.

கருவியைக் கையாண்டவனோ தன் பெயரைத் தானே பதித்துக்கொண்டான். பட்டறை முதலாளியுடையதாயினும் கைக்கருவி பெரும்பாலும் தச்சனுடையது. பலர் கூடி வேலைசெய்யும் இடத்தில் அது கைமாறிப் போகாதிருக்க, சீவுளிக் கட்டையின் முன்முகப்பில் பெயரையோ முதலெழுத்துக்களையோ அடித்து வைத்தான். சில கட்டைகளில் இரண்டு மூன்று பெயர்களைக் காணலாம். பழங்கருவி சேகரிப்போர் அலகிலுள்ள ஆலை முத்திரையைக் கண்ணாடி வைத்து ஆராய்வர். இப்பெயர்களை ‘உடைமையாளர் குறி’ என ஒரு சொல்லிற் கடந்துவிடுவர். அந்த அலகோ தீட்டத்தீட்டக் குறுகும். நுனியில் ஒட்டிய உருக்கு தீர்ந்ததும் தச்சன் அதை முத்திரையோடு கழற்றிப்போட்டு வேறொன்று வாங்குவான். பெயர் பதித்த கட்டை அடுத்தவனின் கைக்குப் போகும்.