வானலையில் வரும் செய்தியும் நம் பொறுப்பும்

ஜும்ஆ பயான், திருக்கனூர்

  



ஐப்பசி பிறக்கப் போகிறது. 2024 நவம்பர் 30 இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. தொட்ட பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. நம் பக்கம் சங்கராபரணி, பாகூர் பக்கம் தென்பெண்ணை, இரண்டும் ஊரைப் பார்த்து வந்தன. கரண்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. அப்படிப்பட்ட இரவில் மனிதன் சோற்றுக்கு முன்னால் செய்தியைத் தேடுகிறான். தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதா, மாடியிலேயே இருப்பதா?

அந்தச் செய்தி நம்மிடம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கும், பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் யூனியன் பிரதேசத்திலேயே காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அது ஒரு அலையைக் கடல் பக்கம் அனுப்புகிறது. அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. ஒரு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகம். 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மேகத்தைத் தொட்டுவிட்டு வர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். திரும்பி வரும் அலையின் மாற்றத்தைப் பார்த்து, மழை நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கணக்கிடுகிறார்கள். பஸ் ஹாரன் நம்மை நெருங்கும்போது ஒரு மாதிரியும், தாண்டிப் போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா, அதே சங்கதிதான்.

வீட்டில் ஒன்று கவனித்திருப்பீர்கள். பெருமழை பிடித்ததும் டிஷ் டிவி நின்றுவிடும். அதன் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், அடர்ந்த மழை அதைத் தின்றுவிடுகிறது. புயலைப் பார்க்கும் பெரிய ரேடார்களுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள அலையை வைத்திருக்கிறார்கள். அது மழையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

செல்போன் டவருக்கும் பலவீனம் உண்டு. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர், டீசல் தீர்ந்தால் அதுவும் இல்லை. ஆனால் பழைய ரேடியோவின் மீடியம் வேவ், தரையை ஒட்டியே நெடுந்தூரம் நடந்து வரும். ராத்திரியில் இன்னும் தூரம் வரும். வானத்தின் மேலடுக்கில் மின்னேற்றம் பெற்ற காற்று இருக்கிறது, அதன் அடிப்பகுதி பகலில் அலையை உறிஞ்சும். சூரியன் மறைந்ததும் அந்த அடிப்பகுதி கரைந்துவிட, அலை மேலே போய் மோதித் திரும்பி பூமிக்கு வருகிறது. சிற்றலையும் இப்படி மேலே பட்டுத்தான் கடல் கடந்து வந்தது. பெரியவர்கள் இங்கே உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்ட கதை அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாரிக் சூராவின் 11வது வசனத்தில் ‘திருப்பித் தரும் வானம்’ என்ற கருத்து வருகிறது. அது ரேடியோ அலையைத்தான் சொல்கிறது என்று சிலர் பயான் செய்கிறார்கள். முஃபஸ்ஸிர்கள் பெரும்பாலும் அதற்கு மழை என்றுதான் பொருள் கொடுத்திருக்கிறார்கள். குர்ஆனுக்கு நம்முடைய சான்றிதழ் தேவையில்லை. அல்லாஹ் படைத்த வானத்தைப் பார்த்து வியக்கலாம், ஆயத்தை இழுத்து நீட்ட வேண்டாம்.

சரி, அலை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அது பொய் சொல்வதில்லை. கொடுத்ததைச் சுமக்கிறது. பொய்யைக் கொடுத்தால் அதையும் அதே வேகத்தில் சுமக்கும்.

அந்த இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. அணை உடைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிடும், எல்லோரும் ஓடுங்கள் என்று. பேசியவர் யார்? தெரியாது. எந்த அணை? சொல்லவில்லை. எப்போது பேசியது? அதுவும் இல்லை. அதை நம்பி, கைக்குழந்தையை பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கிய குடும்பத்தை நான் பார்த்தேன். அணை எதுவும் உடையவில்லை. ரோட்டில் அறுந்து கிடந்த மின்கம்பியில் அவர்கள் காலை வைத்திருந்தால்? அல்லாஹ் காப்பாற்றினான்.

ரமலான் பிறை விஷயத்தில் நாம் எவ்வளவு கறாராக இருக்கிறோம்! யார் பார்த்தார், எந்த ஊர், எத்தனை சாட்சி, காஜி அறிவித்துவிட்டாரா என்று இஷாவுக்குப் பிறகும் இங்கேயே நின்று விசாரிக்கிறோம். உயிர் போகும் விஷயத்தில் ஒரு கேள்வியும் இல்லை, கட்டைவிரல் தானாகவே ஃபார்வர்டு செய்துவிடுகிறது.

உமர் (ரலி) அவர்களின் சம்பவம் முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் விட்டுவிட்டார்கள் என்று மஸ்ஜிதில் மக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உமர் அதைக் கேட்டு அடுத்தவரிடம் சொல்லவில்லை. அனுமதி கேட்டு உள்ளே போய், நபியவர்களிடமே நேரில் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. பிறகு பள்ளிவாசல் வாசலில் நின்று உரத்த குரலில் அந்த உண்மையை அறிவித்தார்கள். நிஸா சூராவின் 83வது வசனம் இந்தச் சூழலில் இறங்கியதாக அந்த அறிவிப்பில் வருகிறது. பாதுகாப்பு பற்றியோ பயம் பற்றியோ செய்தி வந்தால் உடனே பரப்பிவிடுகிறார்கள், பொறுப்பில் உள்ளவர்களிடம் கொண்டுபோயிருந்தால் ஆய்ந்து அறியக்கூடியவர்கள் அறிந்திருப்பார்கள் என்பது அதன் கருத்து. பயச் செய்தியைப் பற்றியே தனியாக ஆயத் இருக்கிறது, பாருங்கள்.

ஸுலைமான் (அலை) அவர்களிடம் ஹுத்ஹுத் பறவை ஸபா நாட்டுச் செய்தியோடு வந்தது. கண்ணால் பார்த்துவிட்டு வந்த செய்தி. அப்படியும், நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்கிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். கடிதம் கொடுத்து அனுப்பிச் சரிபார்த்தார்கள். நபிக்கே அந்த நிதானம் தேவைப்பட்டது.

அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 2023இல் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியதே, ஞாபகமிருக்கிறதா? பலர் பயந்து போனை அணைத்தீர்கள். அது அரசு நடத்திய சோதனை. அந்தச் செய்தி ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போவதில்லை. டவர் ஒரே தடவை சொல்லும், அந்த எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் கேட்கும். அதனால் லைன் நெரிசலில் மாட்டாது. போன் செட்டிங்கில் அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருப்பவர்கள் இன்றே திறந்து வையுங்கள். பாங்கு சத்தம் மாதிரி அது, கேட்டால் எழுந்திருக்க வேண்டும்.

நிர்வாகத்தில் பேசியிருக்கிறோம். பேட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோ ஒன்று பள்ளியில் இருக்கும். புயல் நேரத்தில் முஅத்தின் அண்ணன் செய்தி கேட்டு எழுதி வைப்பார். எந்த நிலையம், எத்தனை மணி என்பதும் அதில் இருக்கும். கலெக்டர் அலுவலகமோ வருவாய்த் துறையோ சொன்னது மட்டும் மைக்கில் வரும். மைக்கில் வந்தால் தெருவில் இருக்கும் எல்லா மக்களுக்கும்தான், நம் ஜமாஅத்துக்கு மட்டும் அல்ல. வீட்டில் பழைய ரேடியோ சும்மா கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள். இரண்டாவதாக ஒன்று ஏரிக்கரைத் தெருவில் வைக்கலாம்.

ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.