தேநீரும் நோன்பும்: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

நோன்பிருப்பவர் டீ குடிக்கலாமா என்பது சிறிய கேள்விபோலத் தெரியும். எந்தச் சமயத்தின் மூலநூலிலும் இதற்கு நேரடி விடை கிடையாது. அந்த நூல்கள் எழுதப்பட்டபோது தேயிலை இந்த நாட்டு மக்களின் பழக்கத்தில் இல்லை. அசாமில் தோட்டங்கள் எழுந்தது 1830களில். தமிழ்நாட்டுச் சாலையோரக் கடைகளில் டீ நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில். ஆகவே ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் பழைய விதியை எடுத்து இந்தப் புதிய பானத்தின்மேல் வைத்துப் பார்க்க நேர்ந்தது. அப்படிப் பார்க்கும்போது, நோன்பைக் கெடுப்பது எது என்ற பெரிய கேள்வி உள்ளே வந்துவிடுகிறது. இலையா, பாலா, குடிக்கும் நேரமா, கூடக் குடிக்கும் ஆளா?

இதை நின்று கவனிக்கச் செஞ்சி தோதான ஊர். கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயிலும், 1717–18இல் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கின்றன. ஊரை அடுத்த சிறுகடம்பூரில் திருநாதர்குன்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம். சற்றுத் தள்ளி மேல்மலையனூர் அங்காளம்மன். இவற்றுக்குப் போகிறவரும் வருகிறவரும் கடைசியில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள்.

சமணத்திலிருந்து தொடங்குவதே முறை. திருநாதர்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் 24 பேரும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கேயே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றில் ‘ஐ’காரத்துக்குச் சான்றாக அறிஞர்கள் காட்டுவதும் இதைத்தான். உணவை விடுவதைத் தவத்தின் உச்சமாக வைத்த மரபு இது. திகம்பர முனிவர் இன்றும் ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, கைகளையே கலமாக்கி உணவும் நீரும் ஏற்கிறார். அவருக்கு டீ என்ற கேள்வியே எழாது. கேள்வி இல்லறத்தாருக்குத்தான்.

இல்லறச் சமணருக்கான விதிகளில் செஞ்சி வட்டாரத்து நயினார் (தமிழ்ச் சமணர்) குடும்பங்கள் பலவும் இன்றுவரை விடாமல் வைத்திருப்பது இரவில் உண்ணாமை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாருக்கு 11 படிகள் வகுக்கிறது. அதில் ஆறாவது படி இரவுணவை அறவே விடுவது. சோறும் பலகாரமும் போலவே பருகுவனவும் நக்கி உண்பனவும் அந்த விலக்கில் சேரும் என்று நூல் வகைப்படுத்தியே சொல்கிறது. தமிழில் இதே பொருளைப் பேசும் நூல் அருங்கலச்செப்பு. இதன்படி பார்த்தால் டீக்குத் தப்ப வழியில்லை. மாலை ஐந்து மணிக்குக் குடித்த டீயில் குற்றமில்லை. பொழுது சாய்ந்தபின் அதே கடையில் அதே மாஸ்டர் போட்ட டீ விலக்கு. இருட்டில் விளக்கை நாடி வரும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் உணவோடு அழியும் என்பது காரணம். மின்விளக்கு வந்த பிறகும் அந்தக் காரணம் போய்விடவில்லை. வெளிச்சம் கூடினால் பூச்சியும் கூடும் என்பதை மழைக்காலத்து டீக்கடையில் டியூப்லைட்டின் கீழே நிற்பவர் மறுக்க மாட்டார்.

மற்றபடி டீ போடும் முறை சமணருக்கு ஒருவகையில் இணக்கமானது. நீரிலேயே உயிர் உண்டு என்று கருதி, வடிகட்டி, காய்ச்சிக் குடிப்பது அவர்கள் ஒழுக்கம். பாய்லரில் கொதித்த தண்ணீர், துணிப்பையில் இறங்கும் டிக்காஷன் என்று டீக்கடையின் வேலை முழுவதும் கொதிப்பதும் வடிப்பதும்தான். சிக்கல் மற்றச் சேர்மானங்களில் வருகிறது. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கை விடுபவர்கள் பச்சை இஞ்சி தட்டிப் போட்ட டீயைத் தொட மாட்டார்கள். இஞ்சி காய்ந்து சுக்கானால் தடையில்லை என்பது பலர் கொள்ளும் வழக்கம். தேன் முழு விலக்கு. கள்ளும் ஊனும் தேனும் தவிர்ப்பது சமண இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம் என்பதால், உடம்புக்கு நல்லதென்று சிலர் குடிக்கும் தேன் கலந்த டீ இவர்கள் கண்ணில் பாலும் சர்க்கரையும் போட்ட டீயைவிடப் பெரிய பிழை.

சாப்பிடும் நேரம் ஒருவரின் சமயத்தை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். நாயக்கர் காலத்தில் செஞ்சியை ஆண்ட ஒருவனின் கொடுமைக்கு அஞ்சிய சமணர் பலர் திருநீறு பூசித் தப்பினர், நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அப்படி வந்தது என்று இந்தப் பக்கத்தில் ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, நெற்றியை மாற்றிக்கொண்டவர்களுக்கும் மாலைச் சாப்பாட்டை மாற்றுவது எளிதாக இருந்திருக்காது.

சமணர் டம்ளரைக் கீழே வைக்கும் அதே நேரத்தில்தான் ரமலான் மாதத்து முஸ்லிம் கையில் எடுக்கிறார். விடியலுக்கு முன் தொடங்கிச் சூரியன் மறையும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. மறைந்ததும் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, பிறகு டீ. இரு சமயங்களும் ஒரே சூரியனைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு எதிரெதிர் விடை எழுதியிருக்கின்றன. ஒன்றில் இரவு அடக்கத்துக்குரியது, மற்றொன்றில் பகல். டீயில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்தப் பொழுதில் அதை வேண்டாமென்று வைக்கும் மனத்துக்குத்தான் மதிப்பு. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நோன்புக்கு எண்ணத்தை இன்றியமையாததாக வைப்பது இதனால்தான். நோன்பென்று எண்ணாமல் பட்டினி கிடந்தவர் நோன்பாளி ஆக மாட்டார்.

இரவைக் கழிப்பதில் மூன்றாவது வகை மேல்மலையனூரில் தெரியும். அமாவாசை இரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது. பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் செஞ்சி வழியாக விடிய விடிய ஓடுகின்றன. இந்தப் பக்தர்களுக்கு டீ விலக்கும் இல்லை, விருந்தும் இல்லை. கண் விழிக்க ஒரு துணை.

தேநீர் சமயத்துக்குள் நுழைந்ததே இந்த வாசல் வழியாகத்தான். சீனத்துப் பௌத்த மடங்களில் தியானத்தின்போது தூக்கம் வராமலிருக்கத் துறவிகள் இதைக் குடித்தார்கள். தூங்கிவிட்ட கோபத்தில் போதிதருமர் தம் இமைகளை அரிந்தெறிய, அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பது கிழக்காசியக் கதை. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்று சீன மரபு சொல்கிறது; அந்த ஊர் காஞ்சிபுரம் என்று பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள். ஜப்பானியத் துறவி எய்சாய் 1191இல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதையும் கொண்டுவந்தார். 1211இல் தேநீரின் மருத்துவ நன்மைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். திபெத்திய மடங்களில் கூட்டு வழிபாட்டுக்கு நடுவே, துறவிகள் அமர்ந்த இடத்திலேயே வெண்ணெய் கலந்த தேநீர் ஊற்றப்படுகிறது. ஏமனில் சூஃபிகள் இரவு திக்ருக்கு (இறைநினைவுக்கு) விழித்திருக்க நாடியது காப்பியை. அது மயக்கம் தரும் பொருளா என்ற ஐயம் கிளம்பி 1511இல் மக்காவில் தடையே விதிக்கப்பட்டது, தடை நிற்கவில்லை. விழிப்பு நல்லதென்றால் அதைத் தரும் இலையும் கொட்டையும் நல்லவைதானே என்று கேட்டவர்கள் பக்கமே வழக்கம் சாய்ந்தது. ஆனால் இலையின் வீரியத்தால் வந்த விழிப்பைத் தவத்தின் கணக்கில் எழுதலாமா என்பது இன்னும் கேட்கத்தக்க கேள்வி.

அடுத்தது பால். ஏகாதசி, சஷ்டி என்று விரதமிருக்கும் இந்துக் குடும்பங்களில் ‘ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு டீ மட்டும்’ என்று சொல்வது சகஜம். இதைச் சிலர் சலுகை என்று கேலி செய்வார்கள். கேலி முழுக்க நியாயமில்லை. விரதத்தைக் கெடுக்காதவை என்று தருமசாத்திர மரபு எட்டு வகையை ஒதுக்கித் தருகிறது: நீர், கிழங்கு, பழம், பால், அவிசு (வேள்வி உணவு), அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து. டீயில் நீரும் பாலும் பட்டியலிலேயே இருக்கின்றன. தலைவலிக்கு என்று சொன்னால் இலை மருந்தாகிவிடும். சர்க்கரைக்கு மட்டும் யாராவது குரு சம்மதிக்க வேண்டும்.

இலங்கையில் கணக்கு தலைகீழாகிறது. தேரவாதப் பிக்குகள் நண்பகலுக்குப்பின் உணவு கொள்வதில்லை. பால் உணவின் பாற்பட்டது என்று கருதுவதால், மாலையில் விகாரைகளில் வழங்குவது பெரும்பாலும் பாலில்லாத தேநீர், தமிழர் வெறுந்தேத்தண்ணி என்று சொல்வது. செஞ்சியில் விரதக்காரரின் டீயைக் காப்பாற்றுவது பால். கண்டியில் பிக்குவின் டீயைக் கெடுப்பதும் பால். பாலும் ஒன்றே, டீயும் ஒன்றே. உணவுக்கும் பானத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. அந்தக் கோட்டை இயற்கை போடவில்லை. எங்காவது ஒரு கோடு இல்லாமல் நோன்பு என்ற ஒன்று நடக்கவும் நடக்காது.

இலையையே குற்றம் சொன்னவர்களும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1748இல் தேநீரை விடச் சொல்லி எழுதினார். மிச்சமாகும் காசு ஏழைகளுக்குப் போகலாம் என்பது அவர் வாதங்களில் ஒன்று. அமெரிக்காவில் மோர்மன்கள் 1833இல் வெளியான உபதேசத்தைக் கொண்டு டீயையும் காப்பியையும் விலக்கினர். காந்தியும் தேயிலையின் டேனினைக் குறைசொன்னார், டீ உடலுக்குத் தேவையில்லை என்றார். இவர்கள் சொன்னதைத் தமிழ்நாடு கேட்கவில்லை. உழைப்பாளிக்கு டீ பசியை ஒத்திப்போடும் பொருள். பல கடைகளில் காலையில் முதல் டீயை வாசலில் சாமிக்கென்று ஊற்றிவிட்டுத்தான் வியாபாரம். ஆயுத பூசையன்று பாய்லருக்கும் சந்தனப் பொட்டு. இலையை வளர்த்த கைகளைப் பற்றி மட்டும் சமய விவாதங்களில் பேச்சு அதிகம் எழவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரவில் தொடங்கிய தோட்டத்துக்குப் பின்னே, தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தலைமுறைகளின் உழைப்பில் நின்றது இலங்கைத் தேயிலை. 1948இல் அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். பூச்சி சாகுமே என்று இரவில் டம்ளரை விலக்கும் அகிம்சை இந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தால் அதன் தருக்கம் இன்னும் நிறைவாகும்.

கடைசியாக, யாரோடு குடிப்பது. நோன்பில் விலக்கு தன்மேல் தானே போட்டுக்கொள்வது. தீட்டில் விலக்கு அடுத்தவர்மேல் போடுவது. இரண்டும் தூய்மை என்ற ஒரே பெயரைச் சொல்லிக்கொள்வதால் குழப்பம் நேர்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி டம்ளர், சில இடங்களில் கொட்டாங்குச்சி, பெஞ்சில் உட்காராமல் வெளியே நிற்க வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் இருந்தது. இரட்டைக் குவளை முறை என்று பெயர். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் சாதி பார்த்து ஆளைத் தடுப்பதை விலக்கியது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் மீறுவோருக்குத் தண்டனை வைத்தது. அதன் பின்னும் தனி டம்ளர்கள் பல ஊர்களில் தொடர்ந்தன, போராட்டங்களும் தொடர்ந்தன.

16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சென் நோ ரிக்கியூ வகுத்த தேநீர்ச் சடங்கு இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. அவருடைய தேநீர் அறைக்கு வாசல் மிகச் சிறியது. சாமுராய் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே வர முடியும். கெட்டியான தேநீரை ஒரே கிண்ணத்தில் வைத்து விருந்தினர் அனைவரும் முறைவைத்துப் பருகுவர். ஒருவர் வாய் வைத்த இடத்தைத் துடைத்து அடுத்தவரிடம் தருவார். எச்சில் பார்க்கும் தமிழ் வழக்கத்தில் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிப்பவருக்கு இது கூச்சம் தரலாம். எச்சில் கூடாதென்பது எல்லார்க்கும் பொதுவான ஒழுங்காக இருக்கும்வரை அதில் தவறில்லை. ஒருவர் எச்சில் மட்டும் கழுவினாலும் போகாது என்று சொல்லும்போது அது சமயமும் அன்று, சுகாதாரமும் அன்று. ஆனால் ரிக்கியூவின் சமத்துவமும் அவர் அறைக்குள்தான். அவரையே 1591இல் ஆட்சியாளர் ஹிதேயோஷி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னார்.

குடித்ததும் எறியும் கப் வந்தபோது பல கடைகளில் தனி டம்ளருக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. எல்லார்க்கும் ஒரே மாதிரி கப், எவர் வாய் வைத்ததும் திரும்ப வராது. பாகுபாடு ஒழிந்ததா, மறைந்ததா என்று பார்ப்பதற்கான அடையாளமும் அதோடு குப்பைக்குப் போனது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புகளுக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளுக்கும் தடை. தடை நடைமுறையான கடைகளில் கழுவி மறுபடி எடுக்கும் கண்ணாடி டம்ளர் திரும்பியிருக்கிறது, எல்லார்க்கும் ஒரே தட்டில் அடுக்கியதா என்று பார்க்கும் வசதியோடு.