மணலுக்கு அட்டவணை இல்லை

திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயில் வாசலில் நின்றால் கொள்ளிடம். வருஷத்தில் பாதி நாள் மணல்தான். இதே ஆறு கிழக்கே அணைக்கரையை எட்டும்போது அதில் முதலைகள் உண்டு. அங்கே கரையில் ஒரு பெரியவர் கேட்டார்: "முதலைக்குச் சட்டம் இருக்கு தம்பி, எங்க ஆட்டுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. முதலையைக் காப்பதற்கான விலையை, அதைப் படத்தில் ரசிக்கிற நான் கொடுப்பதில்லை. ஆட்டைப் பறிகொடுத்தவர் கொடுக்கிறார்.

ஆனால் 'முதலையா, மனுஷனா' என்று மேடையில் முழங்குபவர்களை நான் நம்புவதில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் முதலை இருக்கிறது. அது குழி பறித்து முட்டையிடும் மணலோ, 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி வெறும் 'சிறு கனிமம்'. முட்டையை எடுத்தால் குற்றம். முட்டையில்லாத மாதத்தில் அந்த மணலையே லாரியில் ஏற்ற அனுமதிச்சீட்டு போதும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லவே 2012இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. மணல் போனால் கரையோரக் கிணறும் இறங்கும். அது முதலையின் வழக்கு மட்டுமா?

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிதான். ஆட்டுக்கு எவ்வளவு தருவாங்க?"